பாஞ்சாலி சொன்ன நரம்பு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துப் பாஞ்சாலியை அந்த ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முகத்தைத் தேடிப் பயனில்லை. காலை ஏழரை மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போய், எந்தக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெண் குனிந்து நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். நோயாளியின் முழங்காலில் புறங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு போவாள். கெண்டைக்கால், கணுக்கால், பாதம் என்று போகிற கை ஏதாவது ஓரிடத்தில் நின்றுவிடும். "இங்கேர்ந்து ஜில்லுனு கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். பின்னால் வரும் நர்ஸ் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைப்பாள்.

அவள் அடையாள அட்டையில் ஏதோ நீளமாக ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. வார்டில் எல்லோருக்கும் அவள் ஆயம்மா. படுக்கை விரிப்பது, பெட்பேன் வைப்பது, வீல்சேர் தள்ளுவது, சாப்பாட்டுத் தட்டு எடுப்பது, இவ்வளவுதான் அவளுக்கு எழுதிக் கொடுத்த வேலை. கால் தொடுவது அதில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது ஒரு கால் சூடாகவும் மற்றது தண்ணீர்ப் பானை மாதிரியும் இருப்பதைக் கண்டு நர்ஸிடம் சொன்னாள். அந்த நர்ஸ் சிரித்தாள். அன்று சாயங்காலமே அந்தப் பெரியவரை அவசர அவசரமாக ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் டாக்டர் ஹரிஷ்குமார் நேரே அவளிடம் வந்து, இனிமேல் தினமும் எல்லார் காலையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். படித்தவர்களுக்கு நடுவே ஒருத்தர் கையை நம்பலாம் என்று சொல்ல ஒரு டாக்டருக்குத் தோன்றியதே, அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அது கால் ரத்தக்குழாய் அடைப்புக்கான வார்டு. பீடியும் சர்க்கரையும் சேர்ந்தால் காலுக்குப் போகிற குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்துகொண்டே வரும். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பிறகு படுத்திருக்கும்போதே வலிக்கும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் உயிர் வரும். கடைசியில் விரல் கறுக்கும். அப்போதும் குழாயைத் திறக்கவில்லை என்றால் காலை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

திறப்பதற்கு டாக்டர் ஹரிஷ்குமாரிடம் பல சாமான்கள் உண்டு. அதில் ஒன்றைத்தான் பாஞ்சாலி 'துருவி' என்பாள். நல்ல நூடுல்ஸ் கனத்தில் நீளமான ஒரு குழல், அதன் நுனிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் அரிசியளவு ஒரு கத்தி. தொடை இடுக்கில் ஊசித் துளை போட்டு உள்ளே விட்டு, அடைப்பு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் முடுக்கினால் கத்தி சுற்றும். படிந்ததைச் சீவிச் சீவி, சீவினதை நுனியில் இருக்கிற தன் மூக்குக்குள்ளேயே திணித்துக்கொள்ளும். தையல் கிடையாது, மயக்கம் கிடையாது. ஆள் விழித்துக்கொண்டேதான் இருப்பார். வேலை முடிந்த ஒன்றை ஒருநாள் தட்டில் வைத்து டாக்டர் அவளுக்குக் காட்டினார். "இத்தினூண்டு சாமானுக்கு இவ்ளோ பெரிய பொட்டியா சார்?" என்று கேட்டாளாம். அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டாக்டருக்குச் சொந்த ஊர் கர்நாடகத்தில் ஹாசன் பக்கம். கன்னடமும் ஆங்கிலமும் வெள்ளம். தமிழ் சினிமா பார்த்துக் கற்றது, வில்லன் பேசுகிற நாலு வரிதான் சரளமாக வரும். வருகிற நோயாளிகளோ அத்திபெலே, ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல் என்று பாதிப் பேர் தமிழ். நடுவில் நின்றது பாஞ்சாலிதான். யாரும் அவளை நியமிக்கவில்லை. டாக்டர் கன்னடத்தில் சொல்வார், முடிவில் "ஹேளம்மா", சொல்லம்மா, என்பார், அவள் தமிழில் சொல்லுவாள். தெலுங்கு ஆளென்றால் தெலுங்கு, சாய்பு என்றால் அவர்கள் பாஷை. ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் தண்ணீர்க் குழாயடியில் நின்றவளுக்கு எந்தப் பாஷை வராது? ஏழு வருஷம் அவள் சொல்லை நம்பித்தான் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இருக்கத்தான் செய்யும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பாஞ்சாலிக்கு நாக்கு சறுக்கியது.

ஆதிகேசவன் என்று ஒருவர் வந்தார். அறுபத்தாறு வயது. தங்கவயல் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பொம்மசந்திராவில் கம்பெனி கேட்டுகளில் செக்யூரிட்டியாக நின்றே பதினெட்டு வருஷம் ஓட்டினார். பெண்சாதி தவறிய பின் திரும்பவும் சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கும் மாரிக்குப்பத்து லைன் வீட்டுக்கே போய்த் தனியாக இருந்தார். பொம்மசந்திராவில் மாத்திரை பேக்கிங் வேலை செய்யும் மகள் ஷோபா, அப்பாவின் இடது சுண்டுவிரல் நுனி கறுத்திருப்பதைப் பொங்கலுக்குப் போனபோது பார்த்து, சண்டை போட்டு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சோதனையெல்லாம் முடிந்தது. அடைப்பு முழங்காலுக்குப் பின்னால், சுண்ணாம்பு கட்டிப்போய். குழாய்க்குள் பலூனை விட்டு ஊதினால் மட்டும் அது மசியாது. ஸ்டென்ட் வைக்கலாமென்றால் மடக்குகிற இடம், நாளாவட்டத்தில் ஒடிந்துபோகும். அதனால் சீவித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். கட்டிலருகே நின்று, வழக்கம்போல, "நர பந்த் ஆகிதெ. கெரெது தெகீபேகு. ஹேளம்மா" என்றார்.

பாஞ்சாலி சொன்னாள்.

"அண்ணா, ஒங்க கால் நரம்பு அடைச்சிக்கினு கீது. தொடை வழியா ஒரு ஒயர் மாதிரி உட்டு, அந்த நரம்பு உள்ள கீறத சுரண்டி எடுத்துடுவாங்க. அப்புறம் கால் நல்லா ஆயிடும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

ஆதிகேசவன் பேனாவை வாங்கியவர் அப்படியே நின்றார்.

"நரம்பயா?"

"ஆமாண்ணா."

"நரம்ப சுரண்டுவாங்களா? எத்தால?"

"சின்ன கத்திண்ணா. அரிசி அளவுதான். ஒண்ணும் தெரியாது."

அவர் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் ஊட்டுக்கு போறேன்" என்றார். ஷோபா அழுதாள், கெஞ்சினாள், திட்டினாள். டாக்டர் தம் சினிமாத் தமிழில் என்னவோ சொல்லிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. மறுநாள் காலை சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இடது காலை இழுத்து இழுத்து லிஃப்டுக்குள் போனார். அந்தக் கையெழுத்தை மட்டும் ஒரு நிமிஷம் யோசிக்காமல் போட்டார்.

"பத்து நாள்" என்றார் டாக்டர் பாஞ்சாலியிடம். "மிஞ்சினால் பதினைந்து. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான்."

பாஞ்சாலி அன்று அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாள். அதை மறைக்கத் தேவையில்லை. பூமிக்கு அடியில் மைல் கணக்கில் இறங்கின மனுஷன் ஒரு அரிசிக்கு அஞ்சுகிறானே என்று வார்டில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

ஐந்தாம் நாள் ஷோபா வலி மாத்திரைச் சீட்டு எழுதி வாங்க வந்தாள். கண் வீங்கியிருந்தது. பாஞ்சாலி அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

"எப்டிமா கீறாரு?"

"அடுத்த வெரலும் கறுக்க ஆரம்பிச்சிடுச்சுக்கா. ராத்திரி பூரா கால தொங்க போட்டுக்கினு ஒக்காந்திருக்காராம். கேட்டா நாகேஷ் பெரியப்பா பேச்சுதான்."

"யாரு நாகேஷு?"

ஷோபா சொன்னாள். நாகேஷ், சுரங்கத்தில் அப்பாவோடு ஒரே மெஷினைப் பிடித்தவர். ஒருநாள் கீழே பாறை வெடித்துச் சிதறியதில் ஒரு கல் அவர் முதுகில் விழுந்தது. சுரங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: நரம்பு அறுந்துவிட்டது. அதற்கப்புறம் நாகேஷ் எழுந்திருக்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் படுக்கை. தினம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஆதிகேசவன் அவர் வீட்டுக்குப் போய்த் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டுத்தான் தன் வீட்டுக்குச் சோற்றுக்குப் போவார்.

"நாகேஷுக்கு கல் வந்து நரம்ப அறுத்துச்சி, எனக்கு கத்தி உட்டு சுரண்டுவாங்களாமா, என்னை யாரு குளிப்பாட்டுவாங்கன்னு கேக்கறாருக்கா. நான் இன்னா சொல்ல?"

பாஞ்சாலி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

ஸ்ரீராம்புரத்தில் நரம்பு என்றால் குளுக்கோஸ் ஊசி ஏற்றுகிற இடம். நர்ஸ் கையைத் தட்டித் தட்டி "நரம்பு கெடைக்கல" என்பாள். காலில் சுருண்டு நீலமாகத் தெரிவதும் நரம்புதான். ரத்தம் ஓடுகிறது, விண்ணென்று தெறிக்கிறது, எல்லாமே நரம்பு. கன்னடத்து 'நர'வும் அப்படியே. ஏழு வருஷமாக அவள் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மாரிக்குப்பத்து லைன்களில், பாறை வெடித்து ஆள் விழுந்த வீடுகளில், அதே சொல்லுக்கு ஒரே பொருள்: அறுந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான். இரண்டும் தமிழ்தான், நடுவே நூறு கிலோமீட்டர்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இங்கே ஒருத்தி வாயால் இன்னொருத்தர் கால் கெடப் பார்த்தது. பயந்தாங்கொள்ளி என்று சொன்னதை நினைக்க நினைக்க அவளுக்கு முகம் எரிந்தது.

இந்த இடத்தில் நம்மில் பாதிப் பேர் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தப் பெண்ணிடம் "உங்கப்பாகிட்ட சொல்லுமா, அது நரம்பு இல்லையாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். பாஞ்சாலி ஷோபாவிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு, நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தாளு பயந்து போகல. நான் தப்பா சொல்லிட்டேன்."

டாக்டர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானூ நர அந்தலே ஹேளித்து" என்றார். தானும் அந்தச் சொல்லைத்தானே சொன்னோம் என்று. ஆனால் அவள் மாரிக்குப்பம் போகப் போகிறேன் என்றதும் கையை உயர்த்தினார். ஆபரேஷனைப் பற்றி நோயாளிக்கு விளக்கியது ஒரு ஆயம்மா என்று மேலே தெரிந்தால் முதலில் போவது அவள் வேலைதான், பேசாமல் போன் பண்ணு என்றார்.

"பத்து தபா பண்ணிட்டேன் சார். என் கொரல் கேட்டதும் கட் பண்றாரு. எனக்கு வேல போனா வேற வேல தேடிக்குவேன். அவருக்கு கால் போனா வேற கால் எங்க தேடுவாரு?"

சூப்பர்வைசர் லீவு தரவில்லை. ஆயம்மாவுக்கு என்ன ஊர் சுற்றல் என்றார். மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்கு மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வரை போவதற்குப் பதிலாக மெஜஸ்டிக்கில் இறங்கி மாரிக்குப்பம் ரயிலில் உட்கார்ந்தாள்.

எதிர்த்திசையில் அந்நேரம் தங்கவயல் ஜனமே பெங்களூருக்கு நின்றுகொண்டு வந்துகொண்டிருக்கும். இவள் போன வண்டியில் ஜன்னலோரமே கிடைத்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். இறங்கியபோது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

ஆதிகேசவன் வாசலில் நாற்காலி போட்டு, இடது காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பாதம் செக்கச் சிவந்து, இரண்டு விரல் கரியாகி, மூன்றாவது நீலம் பாரித்திருந்தது. கையில் பீடி. இவளைப் பார்த்ததும் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே, "இன்னாம்மா, சுரண்ட ஆள் கெடைக்கலயா?" என்றார்.

பாஞ்சாலி தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் சொன்னது தப்பு. அது நரம்பு இல்ல. ரத்தம் போற கொழா. எங்க பக்கம் எல்லாத்தையும் நரம்புன்னே சொல்லி பழகிட்டோம். டாக்டர் மேல தப்பு இல்ல. என் வாயி மேலதான் தப்பு."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். "அன்னிக்கு நரம்புன்ன. இன்னிக்கு கொழான்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

நியாயமான கேள்வி. கொட்டின பாலும் சொன்ன சொல்லும் திரும்பாது. முதலில் பொய்யாய்ப் போன வாயால் இரண்டாவது எதைச் சொன்னாலும் அது சமாதானமாகத்தானே கேட்கும்? தடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் டாக்டர் வரைந்து கொடுத்திருந்த படம் பாஞ்சாலியின் பையில் இருந்தது. அதை எடுக்க அவளுக்கே மனம் வரவில்லை. படமும் ஆஸ்பத்திரிக் கட்சிதான். அவள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். புறங்கையை அவர் முழங்காலில் வைத்து இறக்கினாள். கெண்டைக்கால் ஆரம்பத்திலேயே கை நின்றது. போன வாரம் பாதி வரைக்கும் போனது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"அண்ணா, நாகேஷண்ணன நீங்கதான குளிப்பாட்டுவீங்க?"

பீடி வாயிலிருந்து இறங்கியது. "ஒனக்கு யாரு சொன்னது?"

"ஷோபா. பத்தொம்போது வருசம் கால் கழுவி உட்டுக்கிறீங்க. அவரு கால் வெரலு ஆடுமா?"

"எப்டி ஆடும்? நரம்புதான் போச்சே. செத்த கட்ட மாதிரி கெடக்கும்."

"ஒங்க வெரல ஆட்டுங்க."

அவர் முறைத்தார். ஆனாலும் ஆட்டினார். கறுத்த இரண்டைத் தவிர மற்றவை ஆடின. கணுக்காலும் மேலும் கீழும் போனது.

"நாகேஷண்ணன் கால் தொட்டா ஜில்லுனு இருக்குமா?"

ஆதிகேசவன் எங்கேயோ பார்த்தார். அவர் கை இரண்டும் மடியில் தானாகவே குவிந்தது, எதையோ ஏந்திக் கழுவுகிற மாதிரி.

"இல்ல" என்றார் மெதுவாக. "சூடா இருக்கும். கடைசி நாள் வரைக்கும் சூடாதான் இருந்துச்சி. ஆடாதே தவிர, ஒரு புண்ணு வந்தா ஒடனே ஆறிடும். எனக்கே அதிசயமா இருக்கும்."

"இப்ப ஒங்க கால தொட்டு பாருங்கண்ணா."

அவர் குனிந்து தன் இடது பாதத்தைத் தொட்டார். பிறகு வலது பாதத்தை. மறுபடி இடது. ஒரு நிமிஷம் கையை அங்கேயே வைத்திருந்தார். பாறையைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொன்ன கை அது, அதற்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை.

"அவனுக்கு ரத்தம் இருந்துச்சி, நரம்பு இல்ல" என்றார். "எனக்கு நரம்பு கீது, ரத்தம் இல்ல."

பாஞ்சாலி தலையை ஆட்டினாள். அதற்கு மேல் ஒரு சொல் பேச அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தார். "நான் வரேன். ஆனா அந்த ரூம்புல நீ இருக்கணும். நீ பேசணும். அந்த டாக்டர் தமிழ் பேசினா எனக்கு ஒதறுது."

வழியில் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அவளே அவரைக் கூட்டிக்கொண்டு அன்று மத்தியானமே டாக்ஸி பிடித்தாள். ஷோபா நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தாள்.

மறுநாள் காலை கேத் லேப், ரத்தக்குழாய்க்குள் வேலை செய்யும் அறை. ஆயம்மாவை உள்ளே விடுவதற்கு அங்கே சட்டமில்லை. டாக்டர் ஹரிஷ்குமார் சட்டத்தைச் சுற்றி ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், டெக்னீஷியன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, மைக்கை அவள் முன்னால் வைத்தார்.

"அண்ணா, நான் கீறேன். கேக்குதா?"

மேசையில் படுத்திருந்தவர் கை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

எக்ஸ்ரேயில் தெரிகிற மையைக் குழாய்க்குள் ஏற்றியதும் திரையில் தொடையிலிருந்து ஒரு கறுத்த கோடு இறங்கி வந்து, முழங்காலுக்குப் பின்னால் சட்டென்று நின்றுபோனது. நின்ற இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் எலும்பு. அந்த ஒன்றுமில்லாத இடத்தை ஒரு கம்பியால் கடக்கவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கம்பி வழுக்கும், வளையும், திரும்பி வரும். டாக்டர் கோபப்படாமல் மறுபடி மறுபடி ஆரம்பித்தார். அந்தப் பொறுமையைச் சும்மா சொல்லக் கூடாது. கம்பி ஒருவழியாக மறுபக்கம் போனதும், சீவல் ஏதும் தப்பிக் கீழே ஓடிப் பாதத்தை அடைக்காமல் இருக்க ஒரு சின்ன வலையை அங்கே விரித்துவைத்தார்கள். பிறகு துருவி உள்ளே போனது.

"அண்ணா, இப்ப சுரண்டறாங்க. கால மட்டும் ஆட்டாதீங்க. நடுவுல சொல்லுவேன், அப்ப மட்டும் ஆட்டுங்க."

ஒவ்வொரு முறை சீவி முடித்ததும் டாக்டர் அதை வெளியே இழுத்து மூக்கைத் திறந்து துணியில் கொட்டினார். அந்த இடைவெளியில் பாஞ்சாலி, "வெரல ஆட்டுங்கண்ணா" என்பாள். விரல் ஆடும். அது மருத்துவத்துக்குத் தேவையில்லை. ஆதிகேசவனுக்குத் தேவையாக இருந்தது. நாலு முறை சீவினார்கள், நாலு முறை விரல் ஆடியது. துணியில் பழைய சுவரிலிருந்து உரிந்த சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. ஒரு மனுஷனை நடக்கவிடாமல் செய்தது அவ்வளவுதான், ஒரு டீஸ்பூன்கூட இருக்காது.

மருந்து தடவின பலூனை ஊதி எடுத்துவிட்டுக் கடைசியாக மை ஏற்றினார்கள். கறுத்த கோடு நிற்காமல் முழங்காலைத் தாண்டி, இரண்டாகப் பிரிந்து, பாதம் வரைக்கும் ஓடியது. டெக்னீஷியன் கைதட்டினான். பாஞ்சாலி மைக்கை அணைக்க மறந்து விசும்பினது உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா அழுவற?" என்று உள்ளேயிருந்து ஆதிகேசவன் கத்தினார். "கால் போச்சா?"

"இல்லண்ணா! வந்துடுச்சி!"

கால் வந்தது. ஆனால் எல்லாம் வரவில்லை. கறுத்துவிட்ட விரல்கள் கறுத்ததுதான். பத்து நாள் கழித்து சுண்டுவிரலோடு சேர்த்து மூன்று விரலை எடுத்தார்கள். கட்டுப் பிரிக்கும்போது டாக்டர் தம் மாணவரிடம், முதல் நாளே செய்திருந்தால் சுண்டுவிரலோடு போயிருக்கும் என்று சொன்னார். அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார், அவள் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல். ஏழு வருஷத்தில் இந்த அளவு ஆங்கிலம் பாஞ்சாலிக்கு வந்துவிட்டிருந்தது.

சூப்பர்வைசர் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். டாக்டர் போய்ப் பேசியதில் அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. வார்டில் அவளைப் பாராட்டாத ஆள் இல்லை. நர்ஸுகள் கேக் வெட்டினார்கள். அவள் கேக்கைத் தின்றாள், தாங்க்ஸ் சொன்னாள், பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ரெண்டு விரல், ரெண்டு விரல் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் வேலை செய்கிற விதத்தை மாற்றிக்கொண்டாள். இப்போது அவள் வாயில் நரம்பு என்ற சொல்லே வராது; 'ரத்தம் போற கொழா'தான். அது போதாதென்று இன்னொன்றும் வைத்திருக்கிறாள். எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகு, பேனாவை நீட்ட மாட்டாள். "நான் சொன்னது இருக்கட்டும். ஒங்கள இன்னா பண்ண போறாங்க? நீங்க எனக்கு சொல்லுங்க" என்பாள். ஒரு ஓசூர்க்காரர் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கால் எலும்ப சீவுவாங்கம்மா" என்றார். பாஞ்சாலி பெருமூச்சு விட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் கதவருகே கைகட்டி நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், முணுமுணுப்பார், ஆனால் ஒருநாளும் "சீக்கிரம்" என்று சொன்னதில்லை.

நாலு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை அவள் ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் இருந்தபோது, "தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டது. ஆதிகேசவன். முன்பக்கம் மூடிய ஒரு செருப்பு, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த நடை. லிஃப்ட் பிடிக்காமல் மூன்று மாடியும் படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியதே தவிர கால் எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒல்லியாக, அவர் வயசிலேயே இன்னொருவர். லிஃப்டில் வந்தவர்.

பாஞ்சாலிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைத்தான் பார்த்தாள். நாலு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்தது அதுவாகவே வெளியே வந்தது.

"அண்ணா, ஒரு வெரலோட போயிருக்க வேண்டியது. மீதி ரெண்டு என் வாயால போச்சி. நான் ஒங்ககிட்ட..."

"அத அப்புறம் பேசிக்கலாம்" என்று ஆதிகேசவன் கையை அசைத்தார். "மொதல்ல ஒன் கைய கொண்டா. எங்க லைன்ல இருவத்தி மூணு ஊடு ஏறி எறங்கிட்டேன். கெழவன் ஒருத்தன உடல, அத்தினி பேரு காலையும் தொட்டு பாத்துட்டேன். பைத்தியம் புட்ச்சிகிச்சின்னு சிரிக்கிறானுங்க. சிரிக்கட்டும். இவன் ரெண்டு வருசமா நரம்பு நரம்புன்னு சொல்லி நரம்பு மாத்திரையா துன்னுகினு கீறான். இவன் கால் மட்டும் ஜில்லுனு கீது. நான் தொட்டது சரியான்னு நீ பாத்து சொல்லு."

பின்னாலிருந்தவர் கூச்சத்தோடு வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். பாஞ்சாலி அங்கேயே நடைவழியில் மண்டியிட்டாள். புறங்கை முழங்காலிலிருந்து இறங்கியது, கெண்டைக்கால் பாதியில் நின்றது. கீழே பாதத்தில் ஒரு விரல்கூடக் கறுக்கவில்லை. பத்தும் இருந்தன. அவள் இரண்டு முறை எண்ணினாள்.

"சரியா புட்ச்சிக்கிறீங்கண்ணா" என்றாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு வீல்சேர் எடுத்து வர ஓடினாள்.